ஊர்க்காரருக்கு மட்டும் ஓர் இறுதி ஆட்டம்

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில், என் கணவருக்கு அவருடைய சொந்த ஊரில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பார்க்க ரிக்கற் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்தார்கள். இவர் அந்த ஊர்க் கழகத்துக்கு எட்டு வருஷம் கோல் காத்தவர். நான் எதிரணியின் ஊரில், அனலைதீவில், பிறந்து வளர்ந்தவள். அந்த அணியில் இடது பக்கத்தில் ஓடி விளையாடியவன் என் சொந்தத் தம்பி. இது எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கு நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது இவர் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் குறுக்கே வந்து திருத்துவார். எழுதுவதில் உள்ள வசதி, அவரால் திருத்த ஏலாது.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருஷம். ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இவருடைய ஊர். நான் அங்கே பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். வீட்டில் மாமியும் நானும் மட்டும். இவர் தெற்கே ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடையொன்றில் பங்காளி. வருஷத்தில் இரண்டு தரம் வருவார்: சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு தரம், கோயில் திருவிழாவுக்கு ஒரு தரம். அந்தக் கடை அதே ஆண்டு ஆடி மாதம் எரிந்தது. இவர் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அது வேறு கதை. அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று மாதம் முந்தியது.

வருஷப் பிறப்பை ஒட்டி இவர்களுடைய கழகம் ஒவ்வோர் ஆண்டும் தீவுப்பகுதி அணிகளைக் கூப்பிட்டு ஒரு சுற்றுப்போட்டி வைக்கும். மைதானம் என்று பெயர், உண்மையில் அது பனங்காணிக்கு நடுவே ஒரு வெளி. சுற்றிவர ஆளுயரத்துக்குப் பனையோலையால் மறைப்புக் கட்டி, ஒரு படலை வைத்து, ரிக்கற் விற்பார்கள். உள்ளே பள்ளிக்கூடத்தில் இரவல் எடுத்த நீள வாங்குப் பலகைகள் நான்கு வரிசை. வாங்கு கிடைக்காதவர்கள் கோட்டுக்கு வெளியே நிலத்தில் இருக்க வேண்டியதுதான்.

வில்லங்கம் அரையிறுதியில் தொடங்கியது. எங்கள் தீவு அணி விளையாடிய அன்று, அனலைதீவிலிருந்து ஐந்து வள்ளங்களில் சனம் வந்து இறங்கியது. ஆட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. அவர்கள் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். ஊர்க்காரர் மத்தியானம் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து எழும்பி, முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் நான்கு வரிசை வாங்கும் நிறைந்துவிட்டது. கழகத் தலைவர் எழுபது வயதுப் பெரிய மனிதர். அவருக்கென்று முன்னால் ஒரு கதிரை போட்டிருப்பார்கள். அதில் என் பெரியப்பா இருந்தார். தலைவர் போய்க் கதிரைக்கு முன்னால் நின்று ஒரு தடவை செருமினார். பெரியப்பா மரியாதை தெரிந்த மனிதர். எழும்பவில்லை, ஆனால் ஒரு பக்கமாய் நகர்ந்து, "இதிலை பாதியிலை இருங்கோவன்" என்றார். தலைவர் அரைக் கதிரையில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். அனலைதீவுச் சனம் தகரப்பேணி தட்டியது, சங்கு ஊதியது, வென்றது, வள்ளம் ஏறிப் போனது.

ஊர்க் கழகம் முதலே தன் அரையிறுதியை வென்றிருந்தது. ஆகவே இறுதி ஆட்டத்தில் இவருடைய ஊரும் என்னுடைய ஊரும். அடுத்த நாள் கழகம் கூடிப் பேசியது. அதற்கு மறுநாள் சங்கக்கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இறுதி ஆட்டத்துக்கான ரிக்கற் இந்த ஊர் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். ஒருவருக்கு ஒன்று. நேரில் வந்து வாங்க வேண்டும். பிள்ளைகள் பெற்றாரோடு வரலாம். எதிரணிக்கு, ஆட்டக்காரரும் மனேச்சருமாகப் பதினைந்து பேருக்கு அனுமதி.

இவர் சுவருக்கு முன்னால் நின்று அதை இரண்டு தரம் வாசித்தார். வாசித்து முடித்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல வேலை செய்திருக்கிறாங்கள்" என்றார். "உங்கடை ஆக்கள் வந்தால் எங்களுக்குக் கால் வைக்க இடமில்லை. இனி வரட்டும் பாப்பம்."

நான் அறிவித்தலைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

அடுத்த நாள் காலையில் இருவரும் வாசிகசாலைக்குப் போனோம். அங்கே மேசையில் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு செயலாளர் இருந்தார். செயலாளர் சங்கக்கடை மனேச்சர். இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். இவர் கோலுக்குள் நின்ற எட்டு வருஷமும் இவருக்கு முன்னால் பின்வரிசையில் நின்று பந்தை மறித்தவர். இருவருக்கும் நடுவே போகாத பந்தே இல்லை என்று மாமி சொல்வார். அது புகழ்ச்சியா, வேறொன்றா என்பது எனக்குப் பிடிபட்டதில்லை.

செயலாளர் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பிறகு கீழிருந்து மேலே போனார்.

"மச்சான், உன்ரை பேர் இதிலை இல்லை."

"வடிவாப் பார்."

"பாத்திட்டன். கொம்மா இருக்கிறா. ரீச்சர் இருக்கிறா. அதுக்கு அடுத்தது பக்கத்து வளவு."

இவர் இடாப்பைத் தன் பக்கம் திருப்பித் தானே பார்த்தார். இல்லைதான். கடைப் பத்திரங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் தெற்கிலே, கடை விலாசத்திலேயே தன் பெயரைப் பதிந்திருந்தார். என்னுடையதோ, கலியாணம் முடிந்த அடுத்த மாதமே மாமி கையோடு விதானையாரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவித்த பெயர். ஊரில் ஒரு வாக்குக் கூடினால் ஊருக்கு நல்லதென்பது மாமியின் எண்ணம்.

"நான் அங்கை பதிஞ்சது உனக்குத் தெரியும்தானே" என்றார் இவர்.

"எனக்குத் தெரியும். இடாப்புக்குத் தெரியாது."

"டேய், கோலிலை தொங்கிற வலை ஆர் வாங்கித் தந்தது?"

"நீங்கள் மூண்டு பேர். படலையடியிலை பலகை வைச்சு உபயம் எண்டு எழுதியிருக்கிறம். உன்ரை பேரைத்தான் மேலை போட்டது."

"அப்ப, வலையைத் தந்தவன் வலையைப் பாக்க ஏலாதோ?"

"ஏலும். ஆட்டம் முடிஞ்சாப் பிறகு வந்து எவ்வளவு நேரமெண்டாலும் பார்."

செயலாளர் இதைச் சிரிக்காமல் சொன்னார். தன் அக்காவின் புருஷனுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும், அவர் இரண்டு நாளாய்த் தன்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றும், ஒருவருக்கு விட்டுக் கொடுத்தால் அனலைதீவுக்கும் விட்டுக் கொடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். தெற்கே கடை வைத்திருக்கும் முப்பது பேர் வரையில் வருஷப் பிறப்புக்கு வந்திருந்தார்கள். கேடயமும் வலையும் கோல் மரமும் அவர்கள் தந்தவை. பாதிக்கு மேற்பட்டவர்களின் பெயர் இடாப்பில் இல்லை.

பிறகு செயலாளர் என்னைப் பார்த்தார். ஒரு ரிக்கற்றைக் கிழித்தார். கிழித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் எந்தப் பக்கம்?"

"முப்பத்தோராம் பக்கம் அண்ணை. கீழையிருந்து நாலாவது பேர்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரிக்கற்றைத் தந்துவிட்டார். விதியில் அதற்கு மேல் கேட்க இடமில்லை.

திரும்பி வரும் வழியில் இவர் எனக்கு நாலடி முன்னால் நடந்தார். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் கேட்டார்.

"உமக்கு வெக்கமா இல்லையோ?"

"எனக்கென்ன வெக்கம்? நான் இந்த ஊர்க்காரி" என்றேன்.

அந்த வாரம் நான் ஒரு கணக்கெடுத்தேன். அனலைதீவிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஓர் அணிக்குச் சரியான எண்ணிக்கை. ஒருத்தியும் தவறாமல் இடாப்பில் இருந்தாள். கிணற்றடியிலும் சந்தையிலும் கண்டபோது ஒவ்வொருத்தியும் ரிக்கற் வாங்கிவிட்டேன் என்று மெதுவாய்ச் சொன்னாள். அதிலே நாலு பேர் அதற்கு முன்னால் ஒரு பந்தைக் கூடக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இல்லை.

இறுதி ஆட்டத்தன்று காலை பதினொரு மணியளவில் தம்பியும் அவனுடைய அணியும் ஒரே வள்ளத்தில் வந்து, பைகளை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு முற்றத்து வேப்பமர நிழலில் இருந்தார்கள். மாமி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். பனங்கட்டி கொடுக்கவில்லை. வந்தவர்களை வெறும் வாயோடு இருத்துகிற பழக்கம் மாமிக்கு இல்லை, அதேவேளை எதிரணிக்கு இனிப்புக் கொடுக்கவும் மனம் வரவில்லை. நான் பின்னால் போய்ப் பனங்கட்டி ஓலைக் குட்டானைத் தம்பியிடம் நீட்டினேன்.

அவர்கள் பதினாலு பேர்தான் வந்திருந்தார்கள். மனேச்சர் வரவில்லை. அவருடைய பசு கன்று போடும் நிலையில் நின்றது, அதை விட்டுவிட்டு வர ஏலாது என்று சொல்லிவிட்டாராம்.

"அத்தான்" என்றான் தம்பி இவரைப் பார்த்து. "எங்களுக்குப் பதினைஞ்சு பேர். ஓரிடம் சும்மா கிடக்குது. நீங்கள் வாருங்கோவன்."

இவர் கதிரையில் இருந்து நிமிர்ந்தார். "நான் செத்தாலும் உங்கடை வாங்கிலை வந்து இருக்கமாட்டன்" என்றார். மாமி குசினிக்குள் இருந்து, "அது என்ரை பிள்ளை" என்றார்.

இது பதினொரு மணிக்கு. மூன்று மணிக்கு, ரிக்கற் கிடைக்காத கடைக்காரர்கள் ஒரு லொறியைக் கொண்டுவந்து மைதான மறைப்புக்கு வெளியே நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்றார்கள். இவரும் போய் ஏறினார். அங்கிருந்து முழு மைதானமும் தெரிந்ததாம். கழகத் தொண்டர்கள் அதைக் கண்டதும் நாலு தடியும் பத்துப் பனையோலையும் கொண்டுவந்து, லொறிக்கு நேரே மறைப்பை இன்னும் ஓர் ஆளுயரம் உயர்த்திக் கட்டினார்கள். லொறி இருபது யார் முன்னால் போய் நின்றது. தொண்டர்களும் ஓலையோடு இருபது யார் முன்னால் போனார்கள். மூன்றாம் தரம் லொறி நகர்ந்தபோது சில்லு மணலில் புதைந்தது. அதற்குப் பிறகு அது நகரவில்லை. அதற்கு முன்னால் கட்டிய ஓலையும் நகரவில்லை.

நானும் மாமியும் மூன்றரை மணிக்குப் படலையடியில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அனலைதீவு அணி. செயலாளர் கையில் தாளோடு நின்று ஒவ்வொருவராய் எண்ணி உள்ளே விட்டார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. பதினைந்தாவது ஆள் அனலைதீவின் பச்சை ரிபனைச் சேட்டுப் பையில் குத்திக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். முதுகைப் பார்த்தே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மாமிக்கும் தெரிந்துவிட்டது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஆர்?" என்று செயலாளர் தம்பியைக் கேட்டார்.

"எங்கடை மனேச்சர்."

செயலாளர் பேனையை எடுத்தார். "பேர் சொல்லுங்கோ" என்று இவரைப் பார்த்துக் கேட்டார். அவர் இவரோடு 'ங்கோ' போட்டுக் கதைத்தது அன்றுதான் முதல் தரம்.

இவர் பெயரைச் சொன்னார்.

"தேப்பன்ரை பேர்?"

செயலாளர் சின்ன வயதில் பாதி நாள் சாப்பிட்டது இவருடைய தகப்பனார், என் மாமா, உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டில்தான். இவர் அந்தப் பெயரையும் சொன்னார். செயலாளர் அதை நிறுத்தி நிதானமாய் எழுதினார்.

"விலாசம்?"

"அனலைதீவு" என்றார் இவர். சத்தம் சரியாய் வெளியே வரவில்லை.

"சரி. உள்ளை போங்கோ. உங்கடை வாங்கு அந்தப் பக்கம்."

மாமி என் கையை விட்டார். "இண்டைக்கு இவனுக்குச் சோறு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனதும் பெண்களுக்கு ஒதுக்கிய மூன்றாம், நாலாம் வரிசையில் இடம் பிடித்தோம். வருகிற பெண்கள் தங்கள் தங்கள் மாமிமாரோடு வந்தார்கள். ஆனால் என்ன காரணமோ, பத்து நிமிஷத்துக்குள் அனலைதீவுப் பெண்கள் பதினொரு பேரும் நாலாம் வரிசையில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராய் வந்துவிட்டோம். மாமிமார் எங்களுக்கு முன்னால் மூன்றாம் வரிசையில். எதிரணி வாங்கு மைதானத்தின் மறுபக்கம், எங்களுக்கு நேரே. இவர் அதன் ஓரத்தில், மற்றவர்களிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தார்.

முதற் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் தம்பி இடப்பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டு ஓடினான். ஒருவரைக் கழற்றினான், இன்னொருவரைக் கழற்றினான், நடுவுக்கு உயர்த்தி அடித்தான். உயரமான பொடியன் ஒருவன் தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் போட்டான்.

மைதானம் அப்படியே அடங்கிப் போனது. ஐந்து வள்ளத்துச் சனம் வந்திருந்தால் அந்த நேரம் பனைகள் ஆடியிருக்கும். அந்த அமைதிக்குள் எங்கோ ஓர் ஆள் கை தட்டுவது கேட்டது. யார் இது துணிந்தவர் என்று திரும்பிப் பார்க்கப் போனபோதுதான், தட்டுவது என் கை என்று தெரிந்தது.

மாமி திரும்பினார். "ஆர் தட்டினது?"

"நுளம்பு மாமி" என்றேன்.

மாமி என்னை நன்றாய்ப் பார்த்தார். அதற்குள் எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் நுளம்பு கடித்தது. அதற்கு அடுத்தவளுக்கும் கடித்தது. ஒரு நிமிஷத்துக்குள் நாலாம் வரிசை முழுக்க நுளம்பு. வெயில் கொளுத்துகிற பின்னேரம், கடல் காற்று வேறு. செயலாளர் கோட்டோரம் நடந்து வந்து எங்கள் வரிசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் பார்த்தார். ஒவ்வொருத்தியாய் விரல் நீட்டி எண்ணினார் போலிருக்கிறது. பதினொன்று வந்ததும் அவருக்கு விஷயம் விளங்கியது. அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. எங்கள் எல்லாருக்கும் அவர்தான் தன் கையால் ரிக்கற் கிழித்துத் தந்தவர்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் ஊர் அணி ஒரு கோல் போட்டது. சத்தத்தில் என் காது அடைத்தது. மாமி எழும்பி நின்றார், சேலைத் தலைப்பு விழுந்ததும் தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம் வைத்தால் எங்கள் தீவுப் பொடியள் இருட்டுக்கு முன்னால் கடலைக் கடக்க ஏலாது. ஆகவே சுருவில் ஊரிலிருந்து வந்திருந்த மத்தியஸ்தர் இரண்டு கப்டன்மாரையும் கூப்பிட்டுப் பேசி, பெனால்டி என்று முடிவு செய்தார். ஆளுக்கு ஐந்து உதை.

நாலு நாலு உதை முடிய மூன்றுக்கு மூன்று. ஐந்தாவது, எங்கள் பக்கம், தம்பி. அவன் பந்தை வைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து கோல் மரத்துக்கு மேலால் போய், மறைப்பையும் தாண்டி, புதைந்து நின்ற லொறிக்கு மேல் விழுந்தது. லொறியில் நின்றவர்களுக்கு அன்று கிடைத்த ஒரே காட்சி அதுதான். அவர்கள் பந்தைத் திருப்பித் தர ஆறேழு நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி உதை ஊர்க் கழகத்தின் கப்டனுக்கு. உள்ளே போனால் கேடயம் அவர்களுக்கு. கப்டன் இருபத்துநாலு வயதுப் பிள்ளை. பெனால்டி அடிக்கப் பழகிய காலத்தில் இவர்தான் கோலுக்குள் நின்று பழக்கியவர். அந்தப் பிள்ளையின் கால் எப்படித் திரும்பும் என்று இவருக்கு என் சமையலைவிட நன்றாய்த் தெரியும்.

இது எங்கள் தம்பிக்கும் தெரியும். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவன், நேரே இவரிடம் ஓடினான். அவர்களுடைய கோல் காப்பாளரும் கோலுக்குள் நின்றபடியே இவரைப் பார்த்தார்.

"அத்தான், எந்தப் பக்கம் அடிப்பார்?" என்று தம்பி கேட்டானாம்.

"எனக்குத் தெரியாது" என்றாராம் இவர். கைகளைக் கட்டிக்கொண்டார். அது எங்களுக்கும் தெரிந்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவும் தெரிந்தது.

ஆனால் கப்டன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது இவர் முகம் தானாகவே திரும்பியது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. முழங்கால் கொஞ்சம் மடிந்தது. எட்டு வருஷம் கோலுக்குள் நின்ற உடம்பு, வாங்கில் இருந்தபடியே மெல்ல மெல்ல இடப்பக்கம் சரிந்தது. பக்கத்தில் இருந்த மாற்று ஆட்டக்காரன்மேல் சாயும் வரைக்கும் சரிந்தது. அனலைதீவுக் காப்பாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கப்டன் ஓடி வந்தார். காப்பாளர் இடப்பக்கம் முழு நீளத்துக்கும் பாய்ந்தார். பந்து வலப்பக்கத்தால் உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்குத் தெரியாது, அவ்வளவு சனம் உள்ளே ஓடியது. மாமி, பக்கத்து வீட்டு அக்காவைக் கட்டிப் பிடித்தார். நாலாம் வரிசை வாயைத் திறக்கவில்லை.

தம்பியின் அணி பைகளை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. இவர் பின்னால் வந்தார். பச்சை ரிபனைக் காணவில்லை. படலைக்குள் கால் வைக்கும்போதே காப்பாளர் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, ஏமாத்திப் போட்டியள். வேணுமெண்டு மறுபக்கம் காட்டினியள்."

"நான் ஒண்டும் காட்டேல்லைத் தம்பி. எனக்குக் கால் விறைச்சது. அதுதான் சரிஞ்சனான்."

இதற்குள் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் ஒழுங்கையால் வந்தது. எங்கள் படலையடியில் நின்றது. செயலாளரும் கப்டனும் உள்ளே வந்தார்கள். செயலாளர் வாழ்த்துச் சொல்ல வரவில்லை.

"டேய், எங்கடை பிள்ளை அடிக்கிற பக்கத்தை அவங்களுக்குக் காட்டிக் குடுத்தனியோ இல்லையோ?"

"நான் காட்டேல்லை."

"காட்டினீங்கள் அண்ணை" என்றார் கப்டன் பணிவாக. "நான் அந்தப் பக்கம் அடிக்கத்தான் ஓடி வந்தனான். நீங்கள் சரிஞ்சதைக் கண்டிட்டன். அதுதான் கடைசியிலை மாத்தி அடிச்சனான்."

இரண்டு அணியும் எங்கள் முற்றத்தில் நின்று இவரைப் பார்த்தன. ஒரு பக்கத்தாருக்கு இவர் தங்களை ஏமாற்றியவர், மறுபக்கத்தாருக்கு இவர் தங்களைக் காட்டிக் கொடுத்தவர். இரண்டும் ஒரே சரிவில் நடந்தது எப்படி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இவர் மாறி மாறி இரு பக்கமும் விளக்கம் சொன்னார். கால் விறைப்பு என்பதை ஒருவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

கடைசியில் செயலாளர் சொன்னார், "சரி, கோலுக்குள்ளை நில். திரும்ப அடிக்கட்டும். எந்தப் பக்கம் சரியிறாய் எண்டு பாப்பம்."

நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் முருங்கைக்கும் கிணற்றுத் துலாவின் ஆடுகாலுக்கும் நடுவே கோல் குறித்துவிட்டார்கள். இவர் சேட்டைக் கழற்றி என்னிடம் தந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்துமூன்று வயது. தெற்கே வருஷக்கணக்காய் மேசைக்குப் பின்னால் இருந்து பருப்பும் மிளகாயும் நிறுத்த உடம்பு. வயிறு கொஞ்சம் முன்னால் தெரிந்தது. கப்டன் அடித்தார். இவர் இடப்பக்கம் பாய்ந்து பந்தை இரு கையாலும் பிடித்தபடி மண்ணில் விழுந்தார்.

முற்றத்தில் எழுந்த சத்தம் மைதானத்தில் கேட்ட சத்தத்துக்குக் குறைந்ததில்லை. ஒழுங்கையில் நின்ற ஊர்வலமும் உள்ளே வந்துவிட்டது. லொறியில் நின்ற கடைக்காரர்களும் வந்தார்கள், அவர்கள் அன்று ஒழுங்காய்ப் பார்த்த ஆட்டம் அதுதான். இன்னொன்று என்றார்கள். அடித்தார்கள், பிடித்தார். பிறகு தம்பி தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். மைதானத்தில் விட்டதை இங்கே போட்டான், பந்து இவருடைய காலிடையால் போய்க் கோழிக் கூட்டில் மோதியது. செயலாளர் அடித்தார், பிடித்தார். மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், கேட்காமலே எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்தார். இந்த முறை பனங்கட்டி இருந்தது, ஆனால் அரைவாசிதான் இருந்தது. மற்ற அரைவாசிக்கு என்ன நடந்தது என்று மாமி கேட்டார். நான் பேணிகளைக் கழுவப் போய்விட்டேன்.

வள்ளக்காரர் வந்து கூப்பிட்ட பிறகுதான் தம்பியின் ஆக்கள் புறப்பட்டார்கள். காப்பாளர் போகும்போது இவருடைய கையைப் பிடித்து, "இப்ப நம்பிறன் அண்ணை" என்றார். எதை நம்புகிறார் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இவரால் கட்டிலை விட்டு எழும்ப ஏலவில்லை. இடது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மாமி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து தேய்த்தார். தேய்க்கும்போது ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு ஏச்சு. அனலைதீவு மனேச்சருக்கு எண்ணெய் தேய்க்க அனலைதீவிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஆள்தான் வந்திருக்கிறதே என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

இவர் அன்றுதான் கடைக்குத் திரும்பிப் போகவேண்டிய நாள். கூட்டாளிக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"காய்ச்சல், நாலு நாள் பிந்தும் எண்டு எழுதும்."

"பொய் சொல்லாதை" என்றார் மாமி.

"பொய் இல்லையம்மா. முழங்கால் காயுதுதானே."

நான் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், நன்றாய்ச் சுட்டது. அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.